உஷார்! புதுத் தொட்டியில் இன்றைக்கே மீன் விடாதீர்கள்

"தம்பி, மீனுக்கெல்லாம் பயங்கரப் பசி போலிருக்குடா. மேலேயே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது. காலையில ஒரு பிடி போட்டேன். இப்ப மறுபடியும் போட்டுட்டேன். அப்பவும் அடங்கல."

அக்காவின் போன் வந்தபோது இரவு ஒன்பது மணி இருக்கும். எனக்கு நெஞ்சு திக்கென்றது.

"தொட்டி வாங்கி எத்தனை நாளாச்சுக்கா?"

"ஞாயித்துக்கிழமைதானே வாங்கினோம்."

"மீனு?"

"அன்னிக்கேதான். கடைக்காரரே விடலாம்னு சொன்னாரு. புள்ள சும்மா இருப்பானா?"

அன்று வியாழக்கிழமை, மீன் விட்டு ஐந்தாம் நாள். இனி ஒரு உருண்டைகூடப் போடாதே என்று சொல்லிவிட்டு, ஒரு பக்கெட், ஏர் பம்ப், என் வீட்டுத் தொட்டியில் ஓடிக்கொண்டிருந்த ஸ்பாஞ்ச் பில்டர் ஒன்று, தண்ணீர் சோதிக்கும் சொட்டு மருந்துப் பெட்டி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினேன். போய்ச் சேர்ந்தபோது ஆறு தங்கமீன்களில் இரண்டு பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தன. இரண்டு அடியில், துடுப்பை உடம்போடு ஒட்டிக்கொண்டு கிடந்தன. மீதி இரண்டு மேல்மட்டத்தில் காற்றுக்காகத் தவித்துக்கொண்டிருந்தன. செத்த ஒன்றின் செவுள் மூடியை விரலால் தூக்கிப் பார்த்தேன். நல்ல மீனின் செவுள் செம்பருத்தி இதழ் மாதிரி இருக்க வேண்டும். இது வீங்கி, கோழை படர்ந்து கிடந்தது.

வாயைத் திறந்து மூடியது பசியால் இல்லை. அந்த மீன்களுக்கு மூச்சு முட்டியது. முட்டுகிற மூச்சைப் பசி என்று நினைத்து அக்கா போட்ட ஒவ்வொரு பிடித் தீனியும், அவற்றைக் கொல்லும் விஷத்தை இன்னும் கூட்டியது. இதை எழுதுவதற்குக் காரணமே இதுதான். இந்த வாரமும் எத்தனையோ வீடுகளில் யாரோ ஒரு தாயோ தகப்பனோ பாசத்தோடு அந்தப் பிடியைப் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

தண்ணீரைச் சோதனைக் குழாயில் ஐந்து மில்லி எடுத்துச் சொட்டு மருந்தை விட்டேன். ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். மருமகன் பக்கத்திலேயே நின்று பார்த்தான். அந்த விஷத்தின் பெயர் அம்மோனியா. அது இல்லையென்றால் குழாயிலிருக்கும் தண்ணீர் மஞ்சளாகவே இருக்கும். அது ஐந்து நிமிடம் ஆகும் முன்பே மருதாணி இலை நிறத்துக்கு வந்துவிட்டது. வண்ண அட்டையில் வைத்துப் பார்த்தால் லிட்டருக்கு 4 மில்லிகிராம். இத்தனைக்கும் தொட்டித் தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது. பின்னால் ஒட்டியிருந்த கடல் படத்தில் ஒவ்வொரு பவளக்கிளையும் தெரிந்தது. அம்மோனியாவுக்கு நிறம் கிடையாது. இந்த அளவில் மூக்குக்கும் எட்டாது. தெளிந்த தண்ணீர் நல்ல தண்ணீர் என்று நம் கண் பழகியிருக்கிறதே, புதுத் தொட்டியில் அந்தப் பழக்கம்தான் ஏமாற்றுகிறது.

நள்ளிரவுக்குள் அடியில் கிடந்த இரண்டும் போய்விட்டன. அக்காவின் மாமியார், பேரனை மடியில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டு சொன்னார்: "விடுங்க தம்பி. வீட்டுக்கு வரவிருந்த கண்டத்த அது வாங்கிட்டுப் போயிருச்சு."

அழுகிற குழந்தையைத் தேற்றப் பெரியவர்கள் சொல்லும் வார்த்தை அது. அதில் இருக்கும் அன்பை நான் மதிக்கிறேன். ஆனால் இந்த நம்பிக்கையால் எத்தனை ஆயிரம் மீன்கள் சாகின்றன என்று நினைத்தால் பதறுகிறது. மீன் செத்தால் கண்டம் கழிந்தது, அடுத்த ஞாயிறு இன்னும் ஆறு வாங்கி விடு, அவையும் செத்தால் இன்னும் பெரிய கண்டம் கழிந்தது. ஏன் செத்தன என்று ஒருவரும் கேட்பதில்லை. வாஸ்துவுக்காகத் தொட்டி வைப்பவர்களிடமும் கைகூப்பிச் சொல்கிறேன். மீனைக் கொன்ற கண்டம் வெளியிலிருந்து வரவில்லை. நாம் பிடித்து ஊற்றிய தண்ணீருக்குள், நம் கண்ணெதிரேதான் உருவானது.

எப்படி உருவாகிறது? மீன் தின்கிறது. தீனியிலிருக்கும் புரதத்தின் கழிவு, அம்மோனியாவாகப் பெரும்பாலும் செவுள் வழியே வெளியேறுகிறது. தின்னாமல் அடியில் தங்கி அழுகும் உருண்டையிலிருந்தும் அதே அம்மோனியா வருகிறது. மீன் பண்ணைக்காரர்களின் கணக்குப்படி ஒரு கிராம் தீனிக்குச் சுமார் 30 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன். ஒரு கிராம் என்பது அரை டீஸ்பூன்கூட வராது. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டியில் கல்லையும் மேல் இடைவெளியையும் கழித்தால் ஏறக்குறைய 50 லிட்டர் தண்ணீர் நிற்கும். அதில் தினம் ஒரு கிராம் தீனி போட்டாலே லிட்டருக்கு 0.6 மில்லிகிராம் வீதம் ஏறிக்கொண்டே போகும். அக்கா தினம் இரண்டு மூன்று தடவை போட்டிருக்கிறாள். வெளித் தண்ணீரில் அம்மோனியா கூடக் கூட, மீனின் ரத்தத்திலிருப்பது வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே தேங்குகிறது.

ஆறு குளத்தில் மட்டும் மீன் எப்படிப் பிழைக்கிறது? அங்கே தண்ணீரும் அதிகம். அதோடு கல்லிலும் மண்ணிலும் வேரிலும் ஒட்டிக்கொண்டு வாழும் பாக்டீரியாக்கள் இருக்கின்றன. ஒரு கூட்டம் அம்மோனியாவைத் தின்று நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு கூட்டம் அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். அளவோடு இருக்கும் நைட்ரேட்டால் மீனுக்குப் பெரிய தொல்லையில்லை. முதல் கூட்டத்தில் நைட்ரோசோமோனாஸ் பலருக்கும் தெரிந்த பெயர். இரண்டாவது வேலையை நைட்ரோபாக்டர் செய்கிறது என்றுதான் பழைய புத்தகங்களில் படித்தோம். நன்னீர்த் தொட்டிகளில் அதைச் செய்வது நைட்ரோஸ்பைரா வகைதான் என்று 1998-இல் ஆய்வாளர்கள் கண்டார்கள். 2015-இல் இன்னொன்றும் தெரிய வந்தது. இரண்டு வேலையையும் தானே செய்து முடிக்கும் நைட்ரோஸ்பைராவும் உண்டு. அதில் ஒன்று கிடைத்த இடமே மீன் வளர்ப்பு அமைப்பு ஒன்றின் பில்டர்தான்.

கடையிலிருந்து வந்த புதுத் தொட்டியில் இந்த இரண்டு கூட்டமும் கிட்டத்தட்டப் பூஜ்யம். அவை பெருகுவதும் மெதுவாகத்தான். சில பாக்டீரியாக்கள் இருபது நிமிடத்தில் இரண்டு மடங்காகும். இவற்றுக்கு நல்ல சூழல் இருந்தாலும் ஏறக்குறைய ஒரு நாள் பிடிக்கும். தொட்டி பழுக்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகும் என்பது இதனால்தான். நம் ஊர்ச் சூட்டில் கொஞ்சம் முன்பின் ஆகலாம். பாலைக் காய்ச்சி இறக்கிய கையோடு தயிர் என்று யாராவது இலையில் ஊற்றுவோமா? உறை ஊற்றி, அது உறையும் வரை பாத்திரத்தை அசைக்காமல் வைக்கிறோம். தொட்டிக்கும் உறை ஊற்ற வேண்டும், உறையும் வரை பொறுக்க வேண்டும்.

அம்மோனியா அடங்கினாலும் ஆபத்து முடியாது. முதல் கூட்டம் பெருகி, இரண்டாவது கூட்டம் இன்னும் தலையெடுக்காத அந்த இடைப்பட்ட நாட்களில் நைட்ரைட் உச்சத்துக்குப் போகும். அது ரத்தத்தில் கலந்து, ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினைச் சுமக்க முடியாததாக மாற்றிவிடும். செவுள் பழுப்பு நிறமாகும். தண்ணீரில் காற்று குமிழியிட்டுக்கொண்டே இருக்க, மீன் மூச்சு முட்டிச் சாகும். "முதல் வாரம் தாண்டிருச்சு, இனிமே பயமில்ல" என்று நிம்மதியடைந்தவர்களின் மீன்கள் மூன்றாவது வாரம் கொத்தாகச் சாவதை நான் பார்த்திருக்கிறேன்.

அக்காவுக்குத் தொட்டி விற்ற கடைக்காரர் ஒரு சின்ன பாட்டில் நீல மருந்து கொடுத்து, "ரெண்டு சொட்டு விட்டுட்டா போதும் மேடம், அப்பவே மீன் விட்டுடலாம்" என்று சொல்லியிருக்கிறார். மெத்திலீன் புளூ. பூஞ்சைத் தொற்றுக்கு அது மருந்து, மறுக்கவில்லை. அம்மோனியாவை அது ஒன்றும் செய்யாது. அதைவிட மோசம், நாம் தவமிருந்து வளர்க்க வேண்டிய அந்த நல்ல பாக்டீரியாக்களையே அது பாதிக்கும். புதுத் தொட்டியில் அதை விடுவது உறை ஊற்றிய பாலில் பாத்திரம் கழுவும் பொடியைப் போடுவதற்குச் சமம். நோய் வந்த மீனைத் தனி பக்கெட்டில் வைத்து மருந்து கொடுங்கள். தொட்டிக்குள் வேண்டாம்.

அடுத்த உஷார், குழாய்த் தண்ணீர். சென்னையில் மெட்ரோ வாட்டர் வந்தாலும், உங்கள் ஊரில் நகராட்சித் தண்ணீர் வந்தாலும், கிருமி சாகக் குளோரின் கலந்துதான் வரும், வரவும் வேண்டும். குடிநீருக்கான இந்தியத் தர அளவின்படி லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சமிருக்க வேண்டும். நன்னீர் உயிர்கள் சிறிது நேரம் தாங்கும் குளோரினுக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வைத்திருக்கும் வரம்பு 0.019 மில்லிகிராம். நமக்கு நல்லதென்று நாம் நிம்மதியாகக் குடிக்கும் அளவே அந்த வரம்பைப்போல் பத்து மடங்கு. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இன்னொரு ஆபத்தும் உண்டு. சம்ப் கழுவிய அன்று பிளீச்சிங் பவுடரைக் கை போன போக்கில் கொட்டியிருப்பார்கள். அந்த வாரத் தண்ணீரை மோந்து பார்த்தாலே நீச்சல்குள வாசம் அடிக்கும். தொட்டிக்குத் தண்ணீர் பிடிக்கும் முன் வாட்ச்மேனிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

தண்ணீரை அகன்ற பாத்திரத்தில் பிடித்து, ஏர் பம்ப் ஓடவிட்டு ஒரு நாள் முழுக்க வைத்தால் சாதாரணக் குளோரின் பறந்துவிடும். குளோரமைன் கலந்த தண்ணீராக இருந்தால் அப்படிப் பறக்காது. அதனால் கடையில் ஆன்டி குளோரின் என்று விற்கும் சோடியம் தயோசல்பேட் மருந்தையும் பாட்டிலில் போட்ட அளவுப்படி விட்டுவிடுவது பத்திரம். குளோரமைன் உடைந்தால் கொஞ்சம் அம்மோனியா மிஞ்சும் என்பதையும் மனதில் வையுங்கள்.

போர் தண்ணீரில் குளோரின் இல்லையே என்று நிம்மதிப்பட முடியாது. நிலத்தடியிலிருந்து நேரே வரும் தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு. சில இடங்களில் அழுகிய முட்டை வாசம் அடிக்கும், சில இடங்களில் இரும்புத் துரு மஞ்சளாகப் படியும். இதையும் ஒரு நாள் காற்றோட்டி வைத்த பிறகே ஊற்றுங்கள். இது எதுவும் வேண்டாம் என்று ஆர்.ஓ. தண்ணீரையே கேன் கேனாக ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். "மினரல் வாட்டரே ஊத்தினேன் சார், அப்பவும் செத்துப்போச்சு" என்று ஒருவர் என்னிடம் கண் கலங்கினார். அந்த நல்ல பாக்டீரியாக்கள் ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்றவே ஏழு கிராமுக்கு மேல் காரத்தன்மையைச் செலவழிக்கும். ஆர்.ஓ. தண்ணீரில் காரத்தன்மை அநேகமாக இல்லை. போகப்போகப் பி.எச். சரிந்து, பாக்டீரியா வேலையை நிறுத்திவிடும். சாதாரணத் தண்ணீர் ரொம்பக் கடினமென்றால் அதோடு பாதிக்குப் பாதி ஆர்.ஓ. கலந்துகொள்ளலாம். தனி ஆர்.ஓ. வேண்டவே வேண்டாம்.

அக்காவின் தொட்டியில் ராமேசுவரத்திலிருந்து எப்போதோ வாங்கி வந்த சிப்பிகளும் சோழிகளும் ஒரு வெள்ளைப் பவளத் துண்டும் கிடந்தன. அழகுக்குப் போட்டது. இதை நான் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். சிப்பியும் பவளமும் சுண்ணாம்பு. அவை கரைந்து தண்ணீரின் பி.எச்.சை ஏற்றும். அம்மோனியா தண்ணீரில் இரண்டு வடிவில் இருக்கும். ஒன்று அவ்வளவு கெடுதல் செய்யாத அம்மோனியம், இன்னொன்று கொல்லும் அம்மோனியா. 28 டிகிரிச் சூட்டில் பி.எச். 7 ஆக இருந்தால் நூற்றில் ஒரு பங்குகூடக் கொல்லும் வடிவில் இருக்காது. பி.எச். 8 ஆனால் நூற்றில் ஆறு ஏழு பங்கு. 8.5 ஆனால் பதினெட்டுப் பங்கு. தீனியும் அதேதான், மீனும் அதேதான். சிப்பியும் போர் தண்ணீரும் சேர்ந்து விஷத்தைப் பத்து இருபது மடங்கு கூட்டிவிடும். பவளத்துக்கு வேறொரு சிக்கலும் உண்டு. மன்னார் வளைகுடாவின் கல் பவளங்கள் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. விற்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம்.

கல் வாங்கினால் ஒரு துளி வினிகரை அதன் மேல் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு, வேண்டாம். கலர் கல்லை ஒரு இரவு வாளியில் ஊறப்போடுங்கள். தண்ணீரில் சாயம் இறங்கினால் கடைக்கே திருப்பிக் கொடுங்கள். தொட்டியைக் கழுவச் சோப்பு, பாத்திரப் பொடி, டெட்டால் எதுவும் ஆகாது. கல் உப்பும் தண்ணீரும் போதும். செப்புக் காசு, பித்தளைப் பொம்மை உள்ளே போடாதீர்கள். தாமிரம் மீனுக்கு நஞ்சு.

இப்போது கொசு. எந்த மீன் கடையிலும் இதை எனக்குச் சொன்னதில்லை. கொசுவர்த்திச் சுருள், சொருகி வைக்கும் திரவ மருந்து, கரப்பானுக்கு அடிக்கும் ஸ்பிரே இவற்றில் பெரும்பாலும் பைரித்ராய்டு வகை மருந்துதான் இருக்கிறது. மனிதர்களைவிட மீன்களுக்கு அது பல மடங்கு கொடியது. ஏர் பம்ப் என்ன செய்கிறது? அறையின் காற்றை உறிஞ்சித் தண்ணீருக்குள் தள்ளுகிறது. கொசு மருந்து சொருகிய பிளக்குக்குப் பக்கத்திலேயே ஏர் பம்ப் இருந்தால், இரவு முழுக்க அந்த மருந்தைத் தொட்டிக்குள் நாமே ஊதுகிறோம். தொட்டி வைக்கும் அறையில் கொசு வலைதான் நல்லது. தெருவில் கொசுவுக்குப் புகை அடிக்கும் வண்டி வரும் சத்தம் கேட்டால் ஜன்னலையும் தொட்டி மூடியையும் சாத்திவிட்டு, புகை அடங்கும் வரை கால் மணி நேரம் பம்பை நிறுத்துங்கள். மறுபடி போட மறக்காதீர்கள்.

கொசுவைப் பற்றி இன்னொன்று. மீன் விடாமல் ஒரு மாதம் தண்ணீரை வைக்கச் சொல்கிறேன் அல்லவா? அசையாமல் கிடந்தால் அதில் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிப் பறக்கும். ஆகவே அந்த மாதம் முழுக்க மூடி அல்லது வலை இருக்க வேண்டும், காற்றுக் குமிழி தண்ணீரின் மேல்மட்டத்தைக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

தொட்டி வைக்கும் இடத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அந்த இரண்டடித் தொட்டி தண்ணீரும் கல்லும் கண்ணாடியும் சேர்ந்து எழுபது கிலோ வரும். பிளைவுட் டி.வி. ஸ்டாண்டின் மேல் வளர்ந்த ஆள் ஒருவரை ஆண்டுக்கணக்கில் உட்கார வைப்போமா? இரும்பு ஸ்டாண்டு, அடியில் தெர்மகோல், சுவரோரம். வெயில் படும் ஜன்னல் வேண்டாம். தண்ணீர் பச்சையாவது ஒருபுறம் இருக்க, சித்திரை வெயிலில் தண்ணீர் 32 டிகிரியைத் தாண்டினால் அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜனே குறைந்துபோகும். வாங்கிய தொட்டியை முதலில் மாடியிலோ பால்கனியிலோ நிரப்பி இரண்டு நாள் வைத்து, ஒழுகுகிறதா என்று விரலால் ஒவ்வொரு மூலையும் தடவிப் பாருங்கள். மோட்டார், லைட் ஒயர் எல்லாம் பிளக்குக்குப் போகும் முன் ஒரு தொங்கல் விட்டு, அதற்குப் பிறகு மேலேறிப் பிளக்கில் சேர வேண்டும். அப்போதுதான் ஒயர் வழியே வழியும் தண்ணீர் பிளக்குக்குள் போகாது. வீட்டு மெயினில் 30 மில்லி ஆம்பியரில் ட்ரிப் ஆகும் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்த்துவிடுங்கள். தொட்டிக்குள் கை விடும் முன் எல்லா பிளக்கையும் பிடுங்குங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இது உயிர் விஷயம்.

சரி, உறை ஊற்றுவது எப்படி? தொட்டியை நிரப்பி, பில்டரையும் காற்றையும் இரவு பகல் ஓடவிடுங்கள். பாக்டீரியாவுக்குத் தீனி வேண்டும். உரித்த பச்சை இறால் ஒன்றை வலைத்துணியில் கட்டி உள்ளே தொங்கவிடுங்கள். வாசம் பிடிக்காதவர்கள் தினம் ஒரு சிட்டிகை மீன் தீனி போடலாம். நாட்டு மருந்துக் கடையில் நவச்சாரம் என்று கிடைப்பதும் அம்மோனியம் குளோரைடுதான். அதில் வேறென்ன கலந்திருக்கிறதோ என்ற பயத்தால் நான் இறாலையே நம்புகிறேன். அம்மோனியா இரண்டு மூன்று மில்லிகிராமைத் தொட்டதும் இறாலை எடுத்துவிடுங்கள். சில நாளில் அது இறங்கத் தொடங்கும், நைட்ரைட் ஏறும். பிறகு நைட்ரைட்டும் இறங்கும். இடையில் அம்மோனியா தீர்ந்துபோனால் பாக்டீரியா பட்டினி கிடக்கும். கொஞ்சம் தீனியைப் போட்டுக்கொண்டே இருங்கள். அம்மோனியாவை மறுபடி இரண்டு மில்லிகிராம் வரை ஏற்றி, 24 மணி நேரத்தில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யத்துக்கு வந்தால் தொட்டி பழுத்துவிட்டது. சொட்டு மருந்துப் பெட்டி கொஞ்சம் விலைதான். கலர் கல்லுக்கும் புதையல் பெட்டிப் பொம்மைக்கும் கொடுக்கும் பணத்தை இதற்குக் கொடுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

தெரிந்தவர் வீட்டில் நல்ல ஆரோக்கியத்தோடு ஓடும் பழைய தொட்டி இருந்தால் அதிர்ஷ்டம். அந்த பில்டரின் ஸ்பாஞ்ச் ஒன்றை ஈரத்தோடு வாங்கி வந்து உங்கள் தொட்டியில் போட்டால் பாதி நாள் மிச்சமாகும். பக்கத்து வீட்டில் உறைமோர் வாங்குவது போலத்தான். பாக்டீரியா தண்ணீரில் மிதப்பது குறைவு, ஒட்டிக்கொண்டு வாழும். அதனால் பழைய தொட்டித் தண்ணீரை மட்டும் வாளியில் கொண்டுவந்து பிரயோசனமில்லை. பாட்டிலில் விற்கும் பாக்டீரியா திரவங்களில் வேலை செய்பவையும் உண்டு. கடை வாசல் வெயிலில் மாதக்கணக்கில் கிடந்த பாட்டிலில் உயிரோடு என்ன மிஞ்சியிருக்கும்?

இதைப் படிக்கும்போதே உங்கள் வீட்டுப் புதுத் தொட்டியில் மீன் இருக்கிறதா? இப்போதே எழுந்து போய்ப் பாருங்கள். மேலே வந்து வாய் பிளந்தாலோ, துடுப்பை ஒட்டிக்கொண்டு அடியில் கிடந்தாலோ, இரண்டு நாள் தீனியே போடாதீர்கள். மீன் அதைத் தாங்கும். குளோரின் நீக்கிய, அதே சூட்டிலிருக்கும் தண்ணீரால் மூன்றில் ஒரு பங்கை இன்று மாற்றுங்கள். நாளையும் மாற்றுங்கள். காற்றைக் கூட்டுங்கள். நைட்ரைட் காட்டினால் பத்து லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் கல் உப்பைக் கரைத்து விடுங்கள். உப்பிலிருக்கும் குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியே ரத்தத்தில் ஏறுவதைத் தடுக்கும். பயத்தில் ஒன்றை மட்டும் செய்துவிடாதீர்கள். தொட்டி மொத்தத்தையும் கொட்டிக் கழுவி, பில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிழிந்து வெள்ளையாக்கி வைக்கிறோமே, ஞாயிற்றுக்கிழமை தோறும் நம் வீடுகளில் நடக்கும் அந்தக் கழுவல், அதுவரை வளர்ந்த பாக்டீரியாவைச் சாக்கடையில் கொட்டுகிறது. மறுநாள் முதல் தொட்டி மறுபடி புதுத் தொட்டி. ஸ்பாஞ்சை அலச வேண்டுமானால் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே ஒரு பிழி பிழிந்தால் போதும்.

மீன் வாங்கப் போகும் நாள் வந்தால், சென்னைக்காரர்களுக்குக் கொளத்தூர் தெரியும். வரிசையாக வண்ண மீன் கடைகள், பை பையாகத் தொங்கும் மீன்கள், குழந்தைகளின் கண்ணெல்லாம் அங்கேதான். எல்லாவற்றையும் ஒரே நாளில் அள்ளி வராதீர்கள். பாக்டீரியா எவ்வளவு கழிவுக்குப் பழகியிருக்கிறதோ அவ்வளவுதான் தாங்கும். முதல் வாரம் மூன்று நான்கு கப்பியோ மோலியோ போதும். தங்கமீன் பத்து வருடத்துக்கு மேல் வாழக்கூடியது, சாணுக்கு மேல் வளரக்கூடியது, நிறையத் தின்று நிறையக் கழிப்பது. இரண்டடித் தொட்டியில் ஆறு என்பது அநியாயம். "கண்ணாடியைச் சுத்தம் பண்ணும்" என்று தலையில் கட்டும் சக்கர் மீன் ஓரடிக்கு மேல் வளரும். வளர்ந்ததும் அதை ஏரியில் விட்டுவிட்டு வந்தவர்களால்தான் தென் அமெரிக்க மீன் இன்று நம் ஏரிகளில் பெருகிக் கிடக்கிறது. வீட்டுக்கு வந்ததும் பையைத் திறக்காமல் கால் மணி நேரம் தொட்டியில் மிதக்கவிட்டு, சூடு சமமானதும் மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீர் உள்ளே போக வேண்டாம்.

அன்று பிழைத்த இரண்டு தங்கமீன்களும் பக்கெட்டோடு என் வீட்டுக்கு வந்துவிட்டன. அக்கா வீட்டுத் தொட்டியில் சிப்பியும் பவளமும் போய், என் பழைய ஸ்பாஞ்சும் ஒரு துண்டு இறாலும் உள்ளே வந்தன. மேலே கொசுவலை. சுவர் காலண்டரில் மருமகன் தினமும் சோதனை நிறத்தைக் கலர் பென்சிலால் தீட்டி வைக்கிறான். முதல் கட்டங்கள் எல்லாம் கரும்பச்சை, பிறகு இளம்பச்சை, போன வாரத்திலிருந்து மஞ்சள். அதற்குக் கீழே நைட்ரைட் வரிசை. அந்தச் சோதனையில் நீலம் வந்தால்தான் நைட்ரைட் இல்லை என்று அர்த்தம். அது இன்னும் ஊதாவிலேயே நிற்கிறது. நேற்று இரவு போன் செய்தான். "மாமா, இன்னிக்குக் கொஞ்சம் நீலமா மாறுன மாதிரி இருக்கு. ஆனா முழுசா நீலம் இல்ல. இந்த ஞாயித்துக்கிழமை கொளத்தூர் வேணாம்ல?"

"வேணாம்டா" என்றேன்.